அரிசி மில்லில் ஆடியது நான்தான்

எனக்குப் பாட்டில் பிடித்தது பேஸ். செஞ்சியில் என் வயசுக்காரிகளிடம் இதைச் சொன்னால், அது என்ன மாத்திரை, சுகருக்கா பிரஷருக்கா என்று கேட்பார்கள். மாத்திரை இல்லை. பெரிய ஸ்பீக்கரின் அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். காதுக்கு வருவதற்கு முன்னால் அது உள்ளங்காலுக்கு வந்துவிடும். அங்கிருந்து முழங்கால், இடுப்பு, நெஞ்சுக்கூடு என்று ஏறும். எந்தத் தைலமும் செய்யாததை அது என் முழங்காலுக்குச் செய்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை நல்ல தமிழாக்குவது அவள் பாடு. நடுவில் சிரித்தால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதல் வரிக்கே சிரித்துவிட்டாள். போகட்டும்.

இந்தப் பாட்டை என்னிடம் கொண்டுவந்தவள் என் நாத்தனாரின் பேத்தி. அவலூர்பேட்டைப் பெண். சென்னையில் படித்துவிட்டுப் பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். சனி, ஞாயிறு வந்தால் டிஜே. அவள் அம்மாவுக்கு இது பிடிக்காது. பெண் எங்கே என்று கேட்டால் ஓவர்டைம் என்பாள். எங்கள் தெருக்கோடியில் ஒரு அரிசி மில் மூடிக்கிடக்கிறது. முதலாளி திண்டிவனத்துக்குக் குடிபோகும்போது, களத்தில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொள், எலி மட்டும் பெருகாமல் பார்த்துக்கொள் என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சாவிக்காகத்தான் அவள் வந்தாள்.

"ஆயா, மில்லு சாவி உன்கிட்டதான இருக்குது?"

"எதுக்குடி?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் பாட்டு வெக்கணும்."

"கல்யாணமா?"

"இல்ல."

"காதுகுத்தா?"

"அதுவும் இல்ல ஆயா."

"அப்ப யாராச்சும் செத்துட்டாங்களா?"

"யாரும் சாவல. சும்மா பாட்டு. சும்மா ஆடுறது."

சும்மா ஆடுவது என்று ஒன்று உலகத்தில் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் பக்கம் ஆடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். பிணம் வேண்டும், மாப்பிள்ளை வேண்டும், இல்லையென்றால் சாமி வேண்டும். மூன்றும் இல்லாமல் ஆடினால் அவன் குடித்திருக்கிறான் என்று அர்த்தம்.

சாவியைக் கொடுத்தேன். கூடவே நானும் போனேன். முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே.

ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள் வந்தன. பாண்டியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வண்டியில் பிள்ளைகள் வந்தார்கள். போஸ்டர் இல்லை, நோட்டீஸ் இல்லை, மைக்கில் கூப்பிடவும் இல்லை. நெல் அவிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் மெஷினை வைத்து, காதில் ஒரு பக்கம் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் நின்றாள். நான் சாக்கை மடித்துப் போட்டு மூலையில் உட்கார்ந்தேன். ஒரு பெண் வந்து என் காதில் பஞ்சு வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் சத்தம் வந்தது. தகரக் கூரை நடுங்கியது. எந்தக் காலத்துத் தவிடோ, உத்திரத்திலிருந்து எல்லோர் தலையிலும் கொட்டியது. யாரும் தட்டிவிடவில்லை.

கல்யாணத்தில் வருகிற டிஜேவை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவன் மைக்கை விடமாட்டான். மாப்பிள்ளை கை தட்டு, மச்சான் விசில் அடி என்று பாட்டைப் பாடவே விடமாட்டான். இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டிலும் வார்த்தை இல்லை. அம்மா இல்லை, காதல் இல்லை, கண்ணீர் இல்லை. அதே அடி, அதே அடி, அதே அடி. என்னடா இது, கீறல் விழுந்துவிட்டதா என்று முதலில் நினைத்தேன். உட்கார்ந்து கேட்கக் கேட்க, அதுக்குள்ளே ஒன்று மெல்ல மாறுவது தெரிந்தது. ஒரே உரலில் ரெண்டு பெண்கள் மாற்றி மாற்றிக் குத்துவார்கள் இல்லையா? ஒருத்திக்குக் கை ஓய்ந்தால் மூன்றாமவள் உலக்கையோடு உள்ளே நுழைவாள். அடி ஒன்றுகூடத் தவறாது. எப்போது நுழைந்தாள் என்று பக்கத்தில் இருப்பவளுக்கே தெரியாது. ஒரு பாட்டு போய் இன்னொரு பாட்டு வந்தது அப்படித்தான் இருந்தது. அதில் ஒரு குறும்பும் உண்டு. திடீரென்று பேஸைப் பிடுங்கிவிடுவாள். காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி இருக்கும். எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். கொடுக்கிறேன், கொடுக்கிறேன் என்று ஆசை காட்டி, ஆளை அழவைத்துவிட்டுத் தருவாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகும் என் கால் தனியாகத் தாளம் போட்டது. மருமகள்தான் சாட்சி. எழுதிக்கொள், ஆமாம் என்று எழுதிக்கொள்.

இந்த இடத்தில் மலையனூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போனவள் நான். பம்பை அடிப்பார்கள், உடுக்கை அடிப்பார்கள். எனக்கு முன்னால் நிற்பவளுக்கு வரும், பின்னால் நிற்பவளுக்கு வரும். தலையை விரித்துப்போட்டு ஆடுவார்கள். எனக்கு மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கடைக்கு வந்தவள் மாதிரி நிற்பேன். "இவளுக்கு எங்கருந்து வரும், ராஜகிரி பாறைல செஞ்ச ஒடம்பு," என்பாள் மாமியார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆட்டம் என்பது கொடுப்பினை உள்ளவர்களுக்கு, நமக்கு இல்லை என்று.

மில்லில் அது வந்தது. மூன்றாம் தடவை பாட்டு வைத்தபோது நான் சாக்கிலிருந்து எழுந்துவிட்டேன். இதைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு முழு நினைவு இருந்தது. அடுப்பில் பால் வைத்திருக்கிறோமா என்றுகூட நடுவில் ஒரு யோசனை வந்தது. புடவையை இழுத்துச் செருகினேன். பிள்ளைகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். ஆடினேன். கொண்டை அவிழ்ந்தது, விட்டுவிட்டேன். என் உடம்பு என்னுடையதாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு எனக்கு இஷ்டப்பட்டதைச் செய்தேன். அவ்வளவுதான். என் ஆயுசில் அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருந்தால் சொல்கிறேன், யோசித்துத்தான் பார்க்கிறேன்.

அது ஞாயிற்றுக்கிழமையில் வந்த அமாவாசை. எங்கள் எதிர்வீட்டுக்காரி மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்குப் பையோடு கிளம்பியவள், சத்தம் கேட்டு மில் வாசலில் எட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் பார்த்தது விரிந்த தலையோடு சுற்றுகிற ஒரு கிழவியை. பையில் கற்பூரம் இருந்தது, வேப்பிலை இருந்தது, எலுமிச்சம்பழம் இருந்தது, மஞ்சள்தூள் இருந்தது. வேறு என்ன வேண்டும்? பிள்ளைகள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் டிரம்மில் மஞ்சளைக் கொட்டி, ஒரு சொம்பு மொண்டு என் தலையில் ஊற்றினாள். தண்ணீர் ஒயர் பக்கம் ஓடியது. கரண்ட் என்று கத்திக்கொண்டே டிஜே பெண் மெஷினை நிறுத்தினாள். அவள் அப்போதுதான் பேஸைப் பிடுங்கியிருந்தாள். நான் கையைத் தூக்கிக்கொண்டு, அது திரும்பி வரும் என்று நின்றுகொண்டிருக்கிறேன். வரவில்லை. மூச்சு வாங்குகிறது, உடம்பு நடுங்குகிறது, மஞ்சள் தண்ணீர் வழிகிறது. என் முகத்துக்கு நேரே கற்பூரம்.

"யாரும்மா வந்திருக்கறது? சொல்லு தாயே."

"நிறுத்தாத. போடு," என்றேன்.

"பம்ப கேக்குறா," என்றாள் அவள், பஸ்ஸுக்குக் கூடக் கிளம்பி வந்த பெண்களிடம்.

"ஏய், நான்தான்டி."

"நீதான் தாயே, நீயேதான்," என்று காலில் விழுந்தாள். "எம் பொண்ணு வவுத்துல ஒண்ணு தங்க மாட்டேங்குதே, நீதான் குடுக்கணும்," என்று எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தாள்.

எனக்குக் கோபம். பாட்டுப் போய்விட்ட கோபம். பழத்தை அவள் மடியிலேயே திருப்பிப் போட்டேன். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சாமி வந்தவள் கையிலிருந்து பழம் மடியில் விழுந்தால் பிள்ளை வரம். அந்த நேரத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் சாமியாக இருந்திருந்தால் வந்திருக்கும்.

பாண்டிச்சேரிப் பிள்ளைகள் கைகட்டி நின்றார்கள். ரெண்டு பேர் திருநீறுகூடப் பூசிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரி மலையனூர் போகவில்லை. ஆத்தாவே இங்கே வந்த பிறகு பஸ் எதற்கு என்று மில்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "இதோ பாரு, சாமியும் இல்ல பூதமும் இல்ல. பாட்டு நல்லா இருந்துது, நான் ஆடினேன்."

"சாமி வந்தவங்க யாருக்கு அது தெரிஞ்சிருக்குது தாயே?"

"எனக்குத் தெரியும்டி. எல்லாம் ஞாபகம் இருக்குது."

"அதையும் ஆத்தாதான் சொல்லவெக்குறா."

இவள் இத்தனை வருஷமாக என்னை அக்கா என்று கூப்பிட்டவள். தண்ணீர்க் குழாயில் என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைப்பவள். இப்போது என் குடத்தை அவளே நிரப்பிக் கொண்டுவந்து வைக்கிறாள். எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

கொஞ்ச நாளில் அவள் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. அன்றோடு என் பேச்சு முடிந்தது. நெல் தொட்டிக்குப் பக்கத்தில், சரியாக மெஷின் இருந்த இடத்தில், ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். சூலம் வந்தது. முதலாளியைப் போனில் கேட்டோம். நல்லதுதானே, எலித் தொல்லையும் போகும் என்றார். அமாவாசைக்கு மலையனூர் போகிறவர்கள் எங்கள் தெருவில் இறங்கி என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

டிஜே பெண் ஒரு நாள் சாயங்காலம் வந்தாள். சூலத்தைப் பார்த்தாள், படையல் பழத்துக்கு வந்து மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்த குரங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இனிமே இங்க முடியாது ஆயா."

"வேற எடம் பாரு. நானும் வரேன்."

பார்த்தாள். சீயமங்கலம் போகிற வழியில் ஒரு மாந்தோப்பு. நான் மருமகளுக்கு மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரன் வழியெல்லாம் கண்ணாடியில் என்னையே பார்த்தான். இறங்கும்போது மீட்டருக்கு மேலே இருந்த படத்தைத் தொட்டுக் கும்பிட்டு, என்னையும் கும்பிட்டான். யாருக்கு போன் பண்ணினானோ, ஸ்பீக்கருக்கு ஒயர் மாட்டி முடிப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் தட்டோடு பெண்கள். எதிர்வீட்டுக்காரி முன்னால் நிற்கிறாள். பம்பைக்காரர்களையும் கூட்டி வந்திருக்கிறாள். பிள்ளைகள் மாட்டிய ஒயரைச் சுருட்டினார்கள்.

"நீ வந்தா பின்னாடியே கற்பூரமும் வருது ஆயா," என்றாள் டிஜே பெண். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திட்டியிருப்பேன்.

மில்லில் எனக்காகப் பம்பை அடிக்கிறார்கள். நல்ல கைதான் அவர்களுக்கு. ஆனாலும் என் உடம்பு அசைவதில்லை. ஒரு விரல்கூட. ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று கோழி அறுக்கிறார்கள். கடைத்தெருவில் கல்யாண வேன் பாட்டோடு போனால், நான் கடைக்காரனிடம் விலை கேட்பது மாதிரி திரும்பிக்கொள்கிறேன். கால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கற்பூரம் ஏற்றிவிடுவார்கள். இந்த ஊரில் என்னைத் தவிர யார் வேண்டுமானாலும் சும்மா ஆடலாம்.

போன மாசம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. முழுக்கு முடிந்து பிள்ளையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கியவள். நான் இல்லை, நான் ஒன்றும் கொடுக்கவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? பிள்ளைக்குத் திருநீறு பூசினேன். அன்றைக்குத்தான் முதல்தடவையாக நானும் ஒத்துக்கொண்டது. வாயால் சொல்லவில்லை, கையால் செய்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் டிஜே பெண் போன் பண்ணினாள்.

"நேத்து வெச்சோம் ஆயா."

"எங்க?"

"ஒரு எடத்துல ஆயா," என்று இழுத்தாள்.

"சொல்ல வேணாம் உடு. எப்பிடி இருந்துது, அத மட்டும் சொல்லு."

சொல்லிப் பார்த்தாள். இருட்டாக இருந்தது, நல்ல கூட்டம், ஒரு புதுப் பாட்டு, எப்படி என்றால், எப்படி என்றால் என்று தேடினாள். வாயால் டும்டும் என்று செய்துகூடக் காட்டினாள். பாவம், அது வார்த்தை இல்லாத பாட்டு. போனை நெஞ்சோடு அழுத்தி வைத்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

"சரிம்மா, வெச்சிடறேன்," என்றேன். "வெளிய ஆளுங்க உக்காந்துனு இருக்காங்க."