மூன்று சுற்றுக் கம்பி

மூன்று சுற்றுச் சுற்றி முனையை முறுக்கி விட்டிருந்தார்கள். வேலி கட்டுகிற கம்பிதான். பொயிலரில் ஆவி கூடினால் தானாகத் திறக்கிற வால்வை, திறக்க ஏலாதபடி அதால் கட்டியிருந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது. ஆனாலும் அமுக்கம் காட்டுகிற முள் பாதி ஏறி நின்றது. நெல் அவிக்கிற வேறொரு மில்லில் பதினாறு வருசம் நின்றவன் நான். பார்த்ததும் விளங்கியது.

அன்றைக்கு அந்தப் பொயிலர் இருந்த மில்லுக்கு வேலை கேட்டுப் போயிருந்தேன். கல்முனைக்குடியிலிருந்து வயல் பக்கமாக சைக்கிளில் போகிற தூரம். முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். எனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நாளைக்கே வர ஏலுமா என்றுதான் கேட்டார். முன்பு நின்றவர் எங்கே என்றேன். போயிட்டான் என்றார். போனவரின் சட்டை ஆணியில் தொங்கியது. வால்வைக் காட்டிக் கேட்டேன். அது சும்மா சும்மா ஆவியை விடுகிறது, நெல் அவியச் சுணங்குகிறது என்று சிரித்தார். தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்தேன்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் அவரைக் கண்டேன்.

"இஸ்திகாரா தொழுதன் ஹாஜியார். மனசு வருகுதில்ல."

எது நல்லது என்று அல்லாஹ்விடம் கேட்டு இரண்டு ரக்அத் தொழுதேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால், எங்கள் பக்கத்தில் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கலியாணம் பேசி வந்தவர்களைத் திருப்புவதும் அப்படித்தான். யாருக்கும் மனம் நோகாது. ஹாஜியாரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நான் தொழவில்லை.

என் தங்கையின் கணவன், மச்சான், பள்ளிவாசலில் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றான். முந்திய மில்லில் என்னோடு உமி தள்ளியவன். அடுப்பு எரிக்கத் தெரியும். வால்வு தெரியாது. இரண்டு நாள் கழித்து தங்கையோடு என் வீட்டுக்கு வந்து, அந்த வேலை தனக்குக் கிடைத்தது என்றான். உன் மனசு வராவிட்டால் என்ன, என் மனசு ஓடிப்போகிறது என்று பகிடி விட்டான். எனக்கு வாய் வரை வந்தது. கம்பியைச் சொன்னால் தொழாததையும் சொல்ல வேண்டும். ஒருவனின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்றும் ஒரு நினைப்பு. கவனம் என்று மட்டும் சொன்னேன்.

"கவனம் சொல்ல நீ என்ன எண்ட மாமியா?" என்று அடுப்படியில் நின்ற தங்கைக்கும் கேட்கச் சிரித்தான்.

பெருநாளுக்கு முந்திய கிழமை ஒரு காலையில் பொயிலர் வெடித்தது. மச்சான் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். இரண்டாம் நாள் நான் பக்கத்தில் நின்றேன்.

"வால்வுல கம்பி கட்டிக் கிடந்திச்சு மச்சான். அது எதுக்கு?" என்று கேட்டான்.

சொன்னேன்.

"அண்டைக்கு நீ கண்டியா?"

"ஓம்."



"அப்ப நீ தொழல்ல" என்றான்.

பிறகு தண்ணி கேட்டான். பருக்கினேன். மூன்றாம் நாள் உயிர் போகும்வரை அவன் என்னோடு கதைக்கவில்லை. கோபமா, ஏலாமையா, தெரியாது.

இப்போது யாராவது மில் வேலைக்குப் போகிறேன் என்றால், முதலில் வால்வைப் பார் என்கிறேன். தங்கை பக்கத்து வளவு வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணனான என்னைக் காக்கா என்பாள். வருகிற சனத்திடம் இன்றைக்கும் சொல்கிறாள், எங்கட காக்கா இஸ்திகாரா தொழுதுதான் அந்த வேலையை விட்டவர், அல்லாஹ் அவரையாவது எங்களுக்கு மிச்சம் வைத்தான் என்று. நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

போன கிழமை அவளுடைய வாசல் கதவு சரிந்து கிடந்தது. கட்டித் தரச் சொன்னாள். கம்பியை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

"காத்துக்குக் கழலும். இன்னும் ஒரு சுத்துச் சுத்துங்க காக்கா."

சுற்றினேன். முனையை முறுக்கி விட்டேன்.