எட்டாவது சரக்கின் மூல நாடு

அந்த ஆபீஸில் அவளுக்குக் கேள்வித்தாள் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டார்கள். இறக்குமதிச் சரக்கைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக்கொடுக்கும் கிளியரிங் ஆபீஸ் அது. மூன்று மேஜை, ஒரு பிரிண்டர், கூரையைத் தொடும் கோப்புகள். வருகிற காகிதத்தை அப்படியே கணினியில் ஏற்றிவிட்டு அடுத்ததை எடுப்பதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம். இவள் காகிதத்தைத் திருப்பிப் பார்ப்பாள். பம்ப் என்று எழுதியிருந்தால் தண்ணீர் பம்பா காற்று பம்பா என்று கேட்பாள். பக்கத்து மேஜைக்காரர் உடனே பேனாவை மூடிவைத்து, பரீட்சை ஆரம்பிச்சாச்சு என்று கொட்டாவி விடுவார்.

சுங்க முகவருக்கான தேர்வை மூன்றாவது தடவையில்தான் தாண்டினாள். அதற்கு அத்தாட்சியாக ஒரு அட்டை. அதில் அவள் படம், ஒரு எண். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். அண்ணன் இருசக்கர வண்டி மெக்கானிக். அவர்களும் எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். எல்லாம் வேறு யாரோ எழுதி முடித்து, இங்கே போடு என்று விரல் காட்டிய காகிதங்கள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய இவளுடைய கையெழுத்து விழுந்தால் ஒரு கண்டெய்னர் நகரும். இதை அம்மா சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். கப்பலே நகரும் என்று கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருந்தாள்.

அந்த ஆபீஸின் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஸ்பேனர் முதலாளி. ஸ்பேனர், குறடு, சுத்தியல் எல்லாம் வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர். ஆபீஸ் பேச்சில் இரண்டே நாடுகள்: தூரம், பக்கம். தூரத்து நாட்டுக் கைக்கருவிகளுக்குக் கூடுதல் வரி உண்டு. பக்கத்து நாட்டுச் சரக்குக்குச் சலுகை உண்டு. ஆகவே சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரத்தில் 'மூல நாடு' என்று இருக்கும் ஒரு சின்னக் கட்டத்தில் எந்தப் பெயர் விழுகிறது என்பதில்தான் முதலாளியின் லாபம் முழுக்க உட்கார்ந்திருந்தது.

விதி கேட்பதற்கு எளிமையானது. ஒரு பொருள் பல நாடுகளில் உருவாகியிருந்தால், எந்த நாட்டில் அது கடைசியாக வேறொரு பொருளாக மாறியதோ அதுவே மூல நாடு. இரும்பு ராடு ஸ்பேனராக மாறுவது மாற்றம். ஸ்பேனரைத் தேய்த்து, முலாம் பூசி, பெட்டியில் போடுவது மாற்றமில்லை.

ஸ்பேனர் முதலாளி முன்ஜாக்கிரதைக்காரர். சரக்கு வரும் முன்பே சுங்கத் தலைமையகத்தில் விண்ணப்பித்துத் தீர்ப்பு வாங்கிக்கொண்டார். தூரத்திலிருந்து வெறும் ராடு மட்டும் போகிறது, அதைச் சூடாக்கி அச்சில் அடித்து ஸ்பேனராக்குவதெல்லாம் பக்கத்தில் என்று விண்ணப்பம் சொன்னது. ஒரு துண்டு ராடு, ஒரு பளபளப்பான ஸ்பேனர், இரண்டு மாதிரிகளையும் உறையில் போட்டு ஒட்டியவள் இவள்தான். தட்டச்சு செய்தவளும் இவள்தான். மூல நாடு பக்கம் என்று தீர்ப்பு வந்தது. அதை வைத்து ஏழு சரக்குகள் இவள் கையெழுத்தில் வெளியே போயின.

எட்டாவது சரக்கைச் சோதனைக்கு எடுத்தார்கள். துறைமுகக் கிடங்கில் நாற்பது மரப்பெட்டிகள். ஆய்வு அதிகாரி இரண்டைத் திறக்கச் சொன்னார். இரண்டிலும் முகம் பார்க்கலாம் போன்ற ஸ்பேனர்கள், கைப்பிடியில் பக்கத்து நாட்டின் பெயர். அதிகாரி குறித்துக்கொண்டு அடுத்த கிடங்குக்குப் போய்விட்டார். பெட்டிகளைத் திரும்ப அடுக்கும்போதுதான் சுமைக்காரர் கூப்பிட்டார்.

"மேடம், இதுல ஒரு பெட்டிய மூஞ்சி கழுவாமலே அனுப்பிட்டாங்க."

அடிவரிசைப் பெட்டியில் பலகை ஒன்று பெயர்ந்திருந்தது. உள்ளே கருகருவென்று ஸ்பேனர்கள். இரண்டு முனையிலும் வாய் இருந்தது, வளைவு இருந்தது. உள்பக்கம் அளவுக்கு அறுக்கவில்லை, ஓரத்தில் அச்சிலிருந்து பிதுங்கிய பிசிறு அப்படியே நின்றது. கைப்பிடியில், இரும்போடு இரும்பாகப் புடைத்துக்கொண்டு, தூரத்து நாட்டின் பெயர்.

திறந்துவைத்த நல்ல பெட்டியிலிருந்து ஒரு பளபளப்பானதை எடுத்து அதே இடத்தில் கட்டைவிரலால் தடவினாள். லேசாகக் குழிந்திருந்தது. எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு அதே குழியில் வேறு பெயர் பொறித்திருக்கிறார்கள். ராடு என்று ஒன்று பக்கத்து நாட்டுக்குப் போகவே இல்லை. போனது ஸ்பேனர். அங்கே நடந்தது குளியலும் அலங்காரமும்.

கோபம் வந்தால் அவளுக்குக் காது சூடாகும். சூடான காதோடு ஒரு கருப்பு ஸ்பேனரை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசல் காவலாளி தெரிந்த முகம் என்று பையைத் திறக்கச் சொல்லவில்லை. சுங்கக் கிடங்கிலிருந்து ஒரு ஆணியை எடுத்தாலும் அதிகாரி கையெழுத்திட்ட மாதிரிச் சீட்டு வேண்டும். தேர்வில் இதே கேள்வி வந்து முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். பேருந்தில் பாதி வழியில்தான் அது நினைவுக்கு வந்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கவில்லை.

வீட்டு வாசலில் அண்ணன் ஒரு வண்டியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். இரும்பை அவன் கையில் கொடுத்து, இது என்ன என்று கேட்டாள்.

"என்ன ஆபீஸரே, படிச்ச புள்ளைக்கு ஸ்பேனர் தெரியலயா?"

இது இன்னும் ஸ்பேனர் ஆகவில்லை, கச்சா இரும்பு என்று காகிதம் சொல்கிறது என்றாள். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வாய் அறுக்கல, பதம் போடல, சரி. இதை வச்சு நட்டு கழட்டினா நட்டு வழுக்கிடும், அதுவும் சரி. ஆனா இது இனிமே வேற என்னவா ஆகும்? கரண்டியாவா? உங்க ஆபீஸ்ல யாராச்சும் இதைத் தாழ்ப்பாளா மாத்திக் காட்டட்டும், நான் தொழிலையே விட்டுடறேன்."

சுங்க விதியின் நூறு பக்க விளக்கத்தில் இருப்பதும் அதுதான். என்னவாகப் போகிறது என்பது உருவத்திலேயே முடிவாகிவிட்டதா என்று பார்க்கச் சொல்கிறது.

நடந்ததைக் கேட்ட அம்மா முதலில் கேட்டது அட்டையைப் பற்றித்தான். சீட்டு இல்லாமல் எடுத்துவந்ததற்கு அட்டையைப் பிடுங்குவார்களா என்றாள். பிடுங்கலாம் என்றாள் மகள். அப்போ எடுத்த இடத்திலேயே போட்டுட்டு வாயை மூடிக்கோ என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "ஏழு தடவை போட்டியே கையெழுத்து, அப்பல்லாம் இந்தக் கோவம் எங்க போச்சு?" என்று கேட்டாள்.

அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் இரண்டாவது சரக்கின்போதே அவளுக்கு ஒன்று உறுத்தியிருந்தது. பக்கத்து ஆலையின் ரசீதில் அறுத்த கூலி இருந்தது, முலாம் கூலி இருந்தது, அச்சில் அடித்த கூலி இல்லை. ஆபீஸ் ஓனரிடம் கேட்டாள். எல்லாம் சேர்த்துத்தான் போட்டிருக்காங்க என்றார். சரி என்று வந்துவிட்டாள். கேள்வி கேட்பது அவள் பழக்கம் என்று ஊர் சொல்லும். வந்த பதிலை மறுபடி கேட்காமல் விடுவதும் அவள் பழக்கம்தான் என்று அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. தன் பெயர் அந்தக் காகிதத்தில் இல்லாமல், பக்கத்து மேஜைக்காரர் பெயர் இருந்திருந்தால் இவ்வளவு கொதித்திருப்போமா?

மறுநாள் காலை ஓனரின் கண்ணாடி அறையில் அந்த இரும்பை வைத்தாள். ஓனர் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவள் இரண்டு தடவை தேறாதபோதும் மூன்றாவது தடவைக்கு விடுப்பு கொடுத்தவர். அவர் இரும்பைத் தொடவில்லை. அதிர்ச்சியும் அடையவில்லை. அந்த அதிர்ச்சியின்மையில்தான் அவளுக்கு முழுக்கதையும் புரிந்தது. இவருக்கு முதலிலிருந்தே தெரியும்.

தீர்ப்பு இருக்கிறது, தீர்ப்பு இருக்கும்வரை நமக்குப் பொறுப்பில்லை, எட்டாவது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார் என்றார். தீர்ப்பு ராடுக்கு வாங்கியது, வந்தது ராடு இல்லை என்றாள். ஓனர் நாற்காலியில் சாய்ந்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போன்ற குரலில் சொன்னார்:

"ஏம்மா, உன்னையே எடுத்துக்கோ. இங்க வரும்போது எப்படி வந்தே? ஒரு லெட்டர் எழுதத் தெரியாது. நாங்கதானே தேய்ச்சு, பதம் போட்டு, மெருகேத்தி விட்டோம். இன்னிக்கு உன்னைப் பாத்தா அந்தத் தெருப் பொண்ணுன்னு யாராவது சொல்வாங்களா? அது மாதிரிதான் இதுவும்."

காது மட்டுமல்ல, கழுத்துவரை சூடேறியது. முதல் நாள் கிடங்கில் வந்த கோபம் எழுத்தைத் தேய்த்தவர்கள்மேல். இது அப்படியல்ல. மூன்று தடவை அவள் கண்விழித்து எழுதிய பரீட்சையை இந்த ஆள் தன் பட்டறைக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

"லெட்டர் எழுத நான் படிச்சுட்டுதான் சார் வந்தேன். நீங்க கத்துக்குடுத்தது அதுல என் பேரைப் போடறது மட்டும்தான்."

ஓனர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மேஜைமேல் இருக்கும் இந்தச் சரக்குக்கு மாதிரிச் சீட்டு எங்கே என்று கேட்டார். சீட்டில்லாமல் கிடங்கிலிருந்து பொருள் எடுத்ததாகத் தானே ஒரு புகார் எழுதினால் போதும், நாளைக்கே அட்டை போய்விடும் என்றார். விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தது யார், மாதிரியை உறையில் போட்டது யார், ஏழு பத்திரத்திலும் இருப்பது யார் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் பேனாவை அவள் பக்கம் நகர்த்தி, மத்தியானம்வரை யோசி என்றார்.

மத்தியானம்வரை அவள் யோசிக்கவில்லை. இரும்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, விண்ணப்பத்தின் பிரதி, ஏழு பத்திரங்களின் பிரதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சுங்க அலுவலகத்துக்கு நடந்தாள். நியாயத்துக்காகப் போகிறோமா, அந்த ஆளுக்கு முன்னால் தோற்கக் கூடாது என்று போகிறோமா என்று ஒரு தடவை நின்று யோசித்தாள். இரண்டும்தான் என்று தோன்றியது. இரண்டுக்கும் ஒரே வழி என்பதால் நடந்தாள்.

ஆய்வு அதிகாரி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அவள் இரும்பை வைத்து, எடுத்த பெட்டியின் எண்ணைச் சொல்லி, சீட்டு இல்லாமல் எடுத்தேன் என்பதையும் தானே சொன்னாள். அதிகாரி புடைத்த எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே போய் மேலதிகாரியோடு பேசிவிட்டு வந்தார். சரக்கு நிறுத்திவைக்கப்படும், தீர்ப்பு மறுபரிசீலனைக்குப் போகும், இறக்குமதியாளருக்கும் கிளியரிங் ஆபீசுக்கும் நோட்டீஸ் போகும், பதில் சொல்ல முப்பது நாள் உண்டு என்றார்.

"அப்புறம் உன் அட்டையக் குடும்மா. விசாரணை முடியற வரைக்கும் இங்க இருக்கணும்."

"எப்போ சார்?"

"இப்போ."

"அவங்களுக்கு முப்பது நாள். எனக்கு இப்பவேவா?"

"அவங்க மேல சந்தேகம்தான் இருக்கு. நீ ஒத்துக்கிட்டே. ரூல் அப்படி."

பொய் சொன்னவனுக்குத் தவணை, உண்மையைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு உடனடித் தண்டனை. இந்த விதியை எழுதியவர் எந்த நாட்டில் அச்சில் அடிக்கப்பட்டவர் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள், ஆனால் விரலை எடுக்கவில்லை. ரசீது வேண்டும் என்றாள்.

அதிகாரி கணினியில் ஒரு படிவத்தை அடித்துக் கொடுத்து, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் படித்தாள். சுங்கக் கிடங்கிலிருந்து ஒரு ஸ்பேனரை அனுமதியின்றி அகற்றியதற்காக உரிம அட்டை பெறப்பட்டது என்று ஒரே ஒரு வரி. இதை நாளைக்கு யார் எடுத்துப் படித்தாலும், ஸ்பேனர் திருடி ஒருத்திதான் இதில் இருக்கிறாள். சலவைக்கூடத்தில் அம்மாவிடம் யாராவது இதைப் படித்துக்காட்டினால் அம்மா என்ன சொல்வாள்?

"இன்னும் ஒரு வரி சேருங்க சார். தப்பான மூல நாடு காட்டியிருக்கறதைத் தெரியப்படுத்த நானே கொண்டுவந்து ஒப்படைச்சேன்னு."

ரசீதில் அதற்கெல்லாம் இடமில்லை, விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. எல்லாரும் இப்படியேதான் போடுவாங்க என்றார்.

"ஏழு தடவை நானும் இப்படியேதான் போட்டேன்" என்றாள்.

அதிகாரி அவளை ஒரு கணம் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கை மேஜைமேல் இருந்த அட்டையில், இன்னொரு கையில் கையெழுத்தில்லாத ரசீது. இதைவிட்டு எழுந்துபோனால் வேலையும் இல்லை, அட்டையும் இல்லை, பெயரும் இருக்காது. முதல் இரண்டும் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் போனது. பின்னால் நின்றவர் வேறு மேஜைக்கு மாறிப் போய்விட்டார். அதிகாரி பெருமூச்சு விட்டு, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சொல்லு. மெதுவாச் சொல்லு."

அவள் சொன்னாள். அவர் அடித்தார். புது வரியில் ஒரு இடத்தில் 'அகற்றிய' என்பதை 'ஒப்படைத்த' என்று மாற்றச் சொன்னாள், மாற்றினார். புதிய தாளை வாங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை இரண்டு தடவை படித்த பிறகு, அவரிடமே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.