கறுப்புத் துணி நேரம்

"ஊர்த் தூசி பூரா இந்த ஓட்டை வழியா வந்து என் தலையிலதாம்மா கொட்டுது!"

எங்கள் மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டிருக்கும் டெய்லர் தினமும் இதைச் சொல்வார். காய்கறிப் பையோடு நான் முதல் படியில் கால் வைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். ஓட்டை என்பது அவர் தலைக்கு மேலே சுவரில் இரண்டு செங்கல் பெயர்ந்து விழுந்த இடம்.

கிழிசல் தைப்பது, ஜிப் மாற்றுவது, பேண்ட் நீளத்தைக் குறைப்பது, இவ்வளவுதான் அவர் தொழில். புதுத்துணி யாரும் கொடுப்பதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த இடுக்கில்தான் இருக்கிறார். கட்டடத்தில் யார் இடுப்பு எத்தனை அங்குலம் ஏறியது என்று டாக்டரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

புலம்பல் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. "சும்மா இருங்க. வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அடைச்சுடலாம்" என்றேன்.

"தாராளமா சொல்லுங்கம்மா" என்று சிரித்தார்.

சொன்னேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொத்தனார் சிமென்ட் சட்டியோடு வந்து நின்றார். டெய்லர் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரும்மா இவரை வரச் சொன்னது?"

"கட்டடத்துச் சொந்தக்காரர்தான். நாந்தான் அவர்கிட்ட பேசினேன்."

"அடக் கடவுளே! நீங்க உங்க புருஷனைச் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்! ஒரு ஆணி அடிக்க அவருக்கு ஆறு மாசம் ஆகும்னு நீங்கதானே சொல்வீங்க? அந்தத் தைரியத்துலதாம்மா தலையாட்டினேன்!"

கொத்தனார் சிரித்த சிரிப்பில் சட்டி கீழே விழப் பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பின்ன எதுக்கு தினம் என் உசுரை எடுத்தீங்க?"

"பொண்டாட்டியத் திட்டறவனெல்லாம் அவ வேணாம்னா சொல்றான்?" என்றவர், கொத்தனாரிடம் திரும்பினார். "அண்ணே, ஒரு அரை மணி நேரம். இன்னிக்கு ஒருநாள் பாத்துக்கறேன். அப்புறம் அடைச்சுக்கங்க."

மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தார். எல்லாம் கறுப்பு. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் பல்பு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாதாம். அதனால் கறுப்பையெல்லாம் ஓட்டை வழியாக வெயில் விழும் இந்த நேரத்துக்கென்று எடுத்து வைப்பாராம்.

வெயில் வந்தது. முதலில் ஒரு விரல் அகலத்துக்குச் சுவரில் விழுந்து, பூனை இறங்குவதுபோல் சத்தமில்லாமல் இறங்கி, நூல்கண்டுகளைத் தொட்டு, அவர் மடியில் வந்து படுத்துக்கொண்டது. அவர் திட்டிய அதே தூசி தங்கப்பொடி மாதிரி மிதந்தது, கீழே விழ மனசில்லாமல். தெருச் சத்தம் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டதுபோல் இருந்தது.

"கறுப்புன்னு ஒரு கலரே கிடையாதும்மா" என்றார் டெய்லர் மெதுவாக. "இது நீலம். இது காப்பிக்கொட்டை. இந்தப் பேண்ட்டப் பாருங்க, காக்கா றெக்கை மாதிரி உள்ளுக்குள்ள பச்சை."

அது என் கணவருடைய பேண்ட். ஏழு வருஷமாக நான் துவைத்துப் பிழிந்து உதறிக் காயப்போடுவது. அதற்குள் ஒரு பச்சை இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னை அடைக்கத்தான் சொன்னாங்க. செங்கல்லாலதான் அடைக்கணும்னு சொல்லலையே. வீட்ல கண்ணாடி ஏதாவது இருக்காம்மா?"

மாடிக்கு ஓடினேன். கைக்குக் கிடைத்தது எங்கள் கல்யாண போட்டோவின் கண்ணாடிதான். கழற்றிக்கொண்டு வந்தேன். ஓட்டையின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கண்ணாடி போதவில்லை. அந்த இடைவெளியைக் கொத்தனார் சிமென்ட் பூசிச் சரிக்கட்டினார். ஓட்டை அடைத்தாயிற்று, வெயில் உள்ளேயே இருந்தது. டெய்லர் ஊசியில் நூல் கோத்தார், முதல் தடவையிலேயே.

நீங்களும் ஒருநாள் பத்தேகால் மணிக்கு அவரைப் போய்ப் பாருங்கள். இருபது நிமிஷம்தான் வெயில் இருக்கும். கிழிந்த கறுப்புத் துணி ஏதாவது கையோடு கொண்டுபோங்கள், சும்மா வந்து நிற்பவர்களை அவருக்குப் பிடிக்காது. வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.