டார்ச் அடித்துத் தேடிய எலக்ட்ரான்

கல்லூரி பிசிக்ஸ் லேபில் காலம் தள்ளும் சகபாவிகளே, நம் வேலையில் நாம் பார்த்ததைவிட அடுத்தவன் பார்த்ததுதான் தூக்கத்தைக் கெடுக்கும். கீழே வரும் கதையை நானே பத்து வருஷமாக நம்பவில்லை.

சாத்தம் ஜெட்டியில்

பாஸ்கரனும் நானும் போர்ட் பிளேரில் ஒரே லேபில் டெக்னீஷியன்கள். மெயின்லேண்ட் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருவரையும் வேலைக்குக் கூப்பிட்டது. "நீயும் வாடா" என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவன் கப்பலேறினான். பெர்மனென்ட் ஆர்டர் வருமென்று நான் தங்கிவிட்டேன்.

முதல் லீவில் வந்தவன், ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், படகுக்குக் காத்திருக்கும்போது சொன்னான். அவனுடைய ஆராய்ச்சிக்கூடத்தில் மெல்லிய உலோகத் தகட்டின் ஓரத்தை ஒட்டி எலக்ட்ரான்களைப் பறக்கவிட்டு, அதே கணத்தில் அங்கே லேசர் அடித்தார்களாம். சில எலக்ட்ரான்கள் ஒளியிடமிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டன, சில கொடுத்துவிட்டு வந்தன. ஒரு ஒளித்துகள் அளவு, இரண்டு, மூன்று. நடுவில் எதுவுமே இல்லை.

புளுகுகிறான் என்று நினைத்தேன். தனியாகப் பறக்கும் எலக்ட்ரான் ஒளித்துகளை விழுங்காது என்று பாடப்புத்தகமே சொல்கிறது. கதை பொய்யென்றால் நான் இழந்தது ஒன்றுமில்லை. அவனோ படகில் கால் வைத்தபடி சொன்னான்: "அரைகுறையா வாங்காதுடா. வாங்குனா முழுசா வாங்கும், இல்ல சும்மா போயிரும்."

என் ஆராய்ச்சி

எலக்ட்ரான் கற்றை நீல வளையமாகத் தெரியும் கண்ணாடிக் குடுவை ஒன்று எங்கள் லேபில் உண்டு. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஜன்னல்களைச் சாத்தி, அதன்மேல் டார்ச் அடித்தேன். வளையம் அசையவில்லை. டார்ச்சுக்கு அசையாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் வயிறு குளிர்ந்தது. பெருக்க வந்த வங்காளி அக்கா மாலதி தீதி வாசலிலேயே நின்றுவிட்டாள்: "அரே தாதா, எரியிற லைட்டையா டார்ச் அடிச்சுத் தேடுறீங்க?"

ஜங்லிகாட்டில் மதியச் சாப்பாடு

இந்த வருஷம் பாஸ்கரன் ஜங்லிகாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். மீன் பரிமாறிக்கொண்டே என் மனைவி போட்டுக்கொடுத்தாள்: "உங்க கதைன்னா இவருக்கு உசுருண்ணே. வருஷம் பூரா அதத்தான் திட்டிக்கிட்டு இருப்பாரு."

அவன் சிரித்துவிட்டு, போனில் அந்தச் சோதனையின் வரைபடத்தைக் காட்டினான். நடுவில் ஒரு சிகரம், இருபக்கமும் சம இடைவெளியில் குட்டிச் சிகரங்கள். "நீ நினைச்சதும் சரிதான்டா. தனியா விட்டா வாங்காது. பக்கத்துல ஒரு ஓரம் வேணும். அதுல ஒட்டி நிக்கிற வெளிச்சத்தைத்தான் வாங்கும்."

ஓரம் என்று ஜெட்டியிலேயே சொல்லியிருந்தான். பொறாமையில் அது என் காதில் ஏறவில்லை.

பத்து வருஷம் எலக்ட்ரானைச் சந்தேகப்பட்ட நான், கை கழுவும்போது அவனிடம் கேட்ட கேள்வியில் எலக்ட்ரானே இல்லை: "அன்னைக்குக் கப்பலேறும்போது, இன்னொரு தடவை ஏன்டா என்னைக் கூப்பிடல?"