கப்பல் நின்ற ஊரில் ஒரு மெழுகுவர்த்தி

திண்டிவனத்தில் எங்கள் வீட்டில், இலங்கைக்குப் போகும் சுற்றுலாக் கப்பல்களைப் போனில் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா கேட்டது ஒன்றுதான்: "திருகோணமலையில நிக்குமாடா?"

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த அப்பா, நான் கைக்குழந்தையாக இருந்தபோது அங்கேதான் காய்ச்சலில் இறந்து அடக்கமானார்.

கப்பல்காரர்களின் சுற்றுலாவில் கோயிலும் கடற்கரையும்தான் இருந்தன. அதனால் நானே போனில் ஒரு ஆட்டோவைப் பேசிவைத்தேன். அம்மா கொண்டுவந்த மெழுகுவர்த்தியை, நெருப்புச் சாமான் கூடாதென்று கப்பல் ஏறும்போதே வாங்கிக்கொண்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் சிலுவை இல்லை. பழைய பகுதி முழுக்கப் புல். "கப்பல் போயிடும், ஜல்தி வாம்மா" என்றேன். அம்மா நகரவில்லை.

ஆட்டோக்காரர் கடைக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி வாங்கிவந்தார்.

"பேரில்லாத கல்லறை ஒண்டில ஏத்துங்கோ அம்மா. என்ர தம்பி அகதியா வந்து உங்கட விழுப்புரத்திலதான் செத்தவன். அவனுக்கு ஆரும் ஏத்தினமோ தெரியாது."

அம்மா ஏற்றினார்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அம்மா என்னை விழுப்புரம் கூட்டிப்போனார். அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. பெயர் அழிந்த ஒரு கல்லறை மேட்டில் புல் பிடுங்கி, மெழுகுவர்த்தி வைத்து, "தம்பி, உங்க அண்ணன் அனுப்பினாரு" என்றார்.

முகம் தெரியாத அப்பாவுக்காக நான் அழுதது அங்கேதான்.