நெயில் பாலிஷ் கோடு

எங்கள் வீட்டுக் கார் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். அரூரில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, வாசலில் கார் வைத்துக்கொண்டு பொம்மிடியிலிருந்து தினமும் பஸ்ஸில்தான் போய்வந்தார். அதனால் கார் எனக்கே எனக்கென்று கிடைத்தது. பள்ளி விட்டு வந்ததும் பின்சீட்டில் படுத்துக்கொள்வேன். வெயிலில் காய்ந்த சீட்டும் பெட்ரோலும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். கண்ணாடிக்கு மேலே மேகம் நகரும். பார்த்துக்கொண்டே இருந்தால் மேகம் நின்றுவிடும், நான் போகத் தொடங்குவேன். அப்படி நான் போகாத ஊரில்லை.

அம்மாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. "ஞாயித்துக்கெழமை ஒரு நாளு வூட்டுல இருக்கறீங்க. அன்னைக்கும் வண்டிக்கடியிலதான் கெடக்கறீங்க. ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டார். விற்றுவிடுகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். சேலத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அப்பா பானெட்டைத் திறந்தார். வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை. பொறி விழ வேண்டிய நேரத்தில் விழுகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்குக் காற்றாடிக்குக் கீழே சுற்றும் புல்லிச் சக்கரத்தில் ஓர் அடையாளம் உண்டாம். பல வருடத்து கிரீஸ் அதை மூடியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தேய்க்கத் தேய்க்க, நகத்தால் கீறியதுபோல் ஒரு வெட்டு தெரிந்தது. அதையும் அப்பா சும்மா நம்பவில்லை. முதல் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் என் விரலை வைக்கச் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் போட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றினார். உள்ளேயிருந்து காற்று விரலைத் தள்ளியது. அப்புறம் ஓட்டையில் ஓர் ஈர்க்குச்சியை விட்டார். உள்ளே பிஸ்டன் தள்ள, அது மேலே மேலே வந்து, இனி ஏறாது என்று நின்றது. குனிந்து பார்த்தால் வெட்டும் எஞ்சின்மேல் இருந்த முள்ளும் நேருக்கு நேர்.

"பொய் சொல்லல பாரு" என்றார், வெட்டைப் பற்றி. எஞ்சின் ஓடும்போது அந்த வெட்டு முள்ளுக்குப் பக்கத்தில் நிற்கும்படி வைத்தால் பொறி நேரத்துக்கு விழுமாம். அதன்மேல் ஈரச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, அதைப் பார்க்க டைமிங் லைட் இரவல் வாங்க தர்மபுரிக்கு பஸ் ஏறினார்.

அவர் தலை மறைந்ததும் சாக்பீஸைத் துடைத்தேன். அலமாரியிலிருந்து அம்மாவின் நெயில் பாலிஷை எடுத்துவந்து, ஒரு விரல் தள்ளி வேறு கோடு போட்டேன். அவருடையது வெள்ளை, என்னுடையது சிவப்பு. எட்டு வயதில் அது எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படவில்லை. மத்தியானம் என் விரல்களில் இருந்த சிவப்பையும் கிரீஸையும் அம்மா தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்தார்.

ஞாயிறு காலை வெயிலில் விளக்கொளி தெரியாது என்று அப்பா பானெட்டின் மேல் போர்வையைப் போட்டார். நாங்கள் இருவரும் அதற்குள். எஞ்சின் ஓடியது. லைட் டிக் டிக்கென்று வெட்டி வெட்டி அடித்தது. அந்த வெளிச்சத்தில் அவ்வளவு வேகமாகச் சுற்றிய புல்லி அப்படியே நின்றது, என் பின்சீட்டு மேகம்போல. தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. அப்பா என் சடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நின்ன மாதிரிதான் தெரியும் கண்ணு. ஓடிட்டுதான் இருக்குது. கோடு எங்க நிக்குது, சொல்லு."

"செவப்புக் கோடு முள்ளுக்குப் பக்கத்துல நிக்குதுப்பா."

"செவப்பா?" என்றார். லைட்டைக் கிட்டே பிடித்துப் புல்லியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "செரி, செவப்புக்கே வெச்சிடலாம்."

அப்பாவுக்குக் கண் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சேலத்துக்காரர் ஓட்டிப் பார்த்தார். முதல் ஏற்றத்திலேயே வண்டி இருமியது, சைலன்சரில் டப்டப்பென்று வெடித்தது. திரும்பி வந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "எஞ்சினையே எறக்கணும் போல சார்" என்று சொல்லி ரயிலுக்குப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அப்பா அம்மாவிடம், "நான் என்ன பண்றது, அவருக்குப் புடிக்கல" என்றார்.

அம்மா காலி டம்ளரை எடுத்தபடி என் விரல்களைப் பார்த்தார். "கோட்டைச் செரியா பாத்து வெச்சீங்களா?"

அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் பின்சீட்டில் படுக்கலாம் என்று போனால், பானெட்டின் மேல் மறுபடியும் போர்வை. உள்ளே வெளிச்சம் டிக் டிக்கென்று அடித்தது. போர்வைக்குக் கீழே நான்கு கால்கள். இரண்டில் மெட்டி இருந்தது. "அய்யோ, நிக்குதுங்க!" என்று அம்மாவின் குரல் சின்னப் பிள்ளையுடையதுபோல் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்து குனிந்து பார்த்தேன். என் கோணல் கோடு அங்கேயே இருந்தது. ஒரு விரல் தள்ளி, வெட்டின் மேல், இன்னொரு சிவப்புக் கோடு. ஒரே இழுப்பில், ஓரம் வழியாமல், அம்மா நகத்தில் இருப்பதுபோல் அழகாக இருந்தது. அப்பா என்னைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டு, பின்சீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன்.