நன்றாக வாசித்த நாள்

இன்று போளூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், வயலினில் ஒரு வர்ணம் பிடிபடவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டாள்.

எண்பதுகளில் ஜவ்வாது மலையில் டீச்சராக இருந்தபோதுதான் நான் வயலின் கற்கத் தொடங்கினேன். பைரவி வர்ணத்தோடு தினமும் சாயங்காலம் மல்லுக்கட்டுவேன். வில் கீச்சிடும், சுருதி விலகும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு முனியம்மா வந்து நின்றாள்.

"தொந்தரவா இருக்கா? நிறுத்திடறேன்" என்றேன்.

"நிறுத்தாதீங்க டீச்சர். இந்தச் சத்தம் தாங்காம அவரு குடிச்சிட்டு வூட்டுக்கே வர்றதில்ல. அடி வாங்காம தூங்குறேன்."

விடாமல் வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஒருநாள் வர்ணம் கைக்கு வந்துவிட்டது. அன்று முனியம்மாவின் கணவர் வீட்டிலேயே உட்கார்ந்து முழுதும் கேட்டாராம்.

மறுநாள் அவள் உதடு கிழிந்திருந்தது. "இன்னா டீச்சர், இப்படி நல்லா வாசிச்சிட்டீங்க?" என்றாள்.

உடனே தெரியாத வேறு வர்ணத்தை எடுத்தேன். அது பிடிபடும்போல் தோன்றினால் அடுத்ததற்குத் தாவினேன். இப்படியே ஓட்டினேன்.

எனக்கு மாற்றல் வந்த அன்று அவள் கேட்டாள்: "அடுத்து வர்ற டீச்சர் வாசிப்பாங்களா?"

என்ன சொல்லியிருக்கலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அன்று நான், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.